ஆவி என்ஜினில் ஏறவும் படமெடுக்கவும்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து ஊட்டி மலை ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள் எங்களிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறும். கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கரி என்ஜின் காலமெல்லாம் போயாச்சே, இன்னும் எங்கயாவது நெசமா ஓடுதா?

ஓடுகிறது. மேற்கு வங்கத்திலுள்ள சித்தரஞ்சன் ரயில் என்ஜின் தொழிற்சாலை தன் கடைசி ஆவி என்ஜினை 1972-இல் கட்டி முடித்தது. சமவெளித் தடங்களில் தினசரி ஆவி வண்டிகள் 1990-களோடு ஏறக்குறைய முடிந்துபோயின. மலை ரயில்களில்தான் மிச்சம். அதில் நமக்குப் பக்கத்தில் இருப்பது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) பாதை, மொத்தம் 46 கிலோமீட்டர். டார்ஜிலிங் ரயில் 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2005-இல் அதனோடு நீலகிரி ரயிலும் சேர்க்கப்பட்டது.

ஏன், நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லியா? இங்கதானே முதல்ல ரயிலே வந்துச்சு?

தென்னகத்தின் ஆரம்பகால ரயில் பாதைகளில் ஒன்று நம்முடையதுதான். நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை 1861-இல் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டே திருச்சியைத் தொட்டது. முதலில் பிராட் கேஜாக (அகலப் பாதையாக) போட்டு, 1870-களில் மீட்டர் கேஜாக மாற்றி, நம் காலத்தில் மறுபடி பிராட் கேஜ் ஆக்கினார்கள். மயிலாடுதுறை–தரங்கம்பாடி கிளைப் பாதை 1926-இல் வந்து 1986-இல் மூடப்பட்டது. இன்று டெல்டாவில் ஆவி என்ஜின் ஓடும் தடம் எதுவும் கிடையாது.

பார்ப்பதற்கென்றால் திருச்சி ஜங்ஷன் அருகே ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் முன் அங்கே ஒரு நாள் பழகிவிட்டுப் போவது நல்லது. கருத்த இரும்பைப் படமெடுப்பது தனிப் பாடம். ஓடாத என்ஜின்தான் அதற்குப் பொறுமையாக நிற்கும்.

பொன்மலையில ஆவி என்ஜின் செய்றாங்கன்னு சொல்றாங்களே, உள்ள விடுவாங்களா?

செய்கிறார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனைதான் 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. நீலகிரி ரயிலுக்கு எண்ணெயில் எரியும் என்ஜின்களை 2011-லிருந்து அங்கே புதிதாகக் கட்டினார்கள். 2021-இல் கரியில் எரியும் என்ஜின் ஒன்றையும் கட்டி அனுப்பினார்கள். உலகத்தில் ஆவி என்ஜினைப் புதிதாகக் கட்டத் தெரிந்த கைகள் மிகக் குறைவு. அவற்றில் சில நம் திருச்சியில் இருப்பது நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் அது வேலை நடக்கும் தொழிற்சாலை. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது, கேட் முன் நின்று கேமராவை நீட்டவும் கூடாது. கல்லூரி, பள்ளி சார்பில் போவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

ஊட்டி ரயில்ல ஏறினா கடைசி வரைக்கும் ஆவி என்ஜின்தானே?

பலர் ஏமாறும் இடம் இதுதான். மேட்டுப்பாளையம்–குன்னூர் வரைதான் வழக்கமாக ஆவி. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுகிறார்கள். குன்னூர்–ஊட்டி இடையே பகலில் ஓடும் குட்டி வண்டிகளும் பெரும்பாலும் டீசல்தான். டிக்கெட் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதில் ஏறினால் அழகான பயணம் கிடைக்கும், ஆவி கிடைக்காது. உங்களுக்கு ஆவிதான் முக்கியமென்றால் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள கல்லாறு முதல் குன்னூர் வரையான பகுதி உங்கள் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.

நாங்க மயிலாடுதுறை. எந்த வண்டியில போனா காலையில மலை ரயிலைப் பிடிக்கலாம்?

மலை ரயில் காலை 7 மணி தாண்டியதும் மேட்டுப்பாளையத்தில் புறப்படும். மயிலாடுதுறை–கோவை ஜன சதாப்தியில் மதியம் ஏறினால் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக இரவு கோவை சேரலாம். அன்றிரவே பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஜன சதாப்திக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, அதைப் பார்த்துப் பயணத் தேதியை வையுங்கள்.

மன்னார்குடியிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடிகாலை கோவையில் இறங்கி, நேரே மேட்டுப்பாளையம் ஓடுகிறவர்களும் உண்டு. வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் மலை ரயில் போய்விடும், அந்த டிக்கெட் மறுபடி கிடைக்க வாரக்கணக்காகும். எங்கள் யோசனை: முந்தைய நாளே போய்விடுங்கள். 6 மணிக்கே ஸ்டேஷனில் இருந்தால் என்ஜின் ஷெட்டிலிருந்து வந்து பெட்டிகளோடு சேர்வதையும் பார்க்கலாம். நாளின் நல்ல படங்களில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். திரும்பும்போது ஒரு கவனம்: நள்ளிரவு 12 மணிக்கு மேல் புறப்படும் ரயிலுக்கு அடுத்த நாள் தேதி போட்டுத்தான் முன்பதிவு செய்ய வேண்டும்.

எப்பப் பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட்டுன்னே வருதே?

நான்கைந்து பெட்டி மட்டுமே உள்ள வண்டி, அதனால்தான். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. அன்று காலை 8 மணிக்கு ஐஆர்சிடிசியில் தயாராக இருங்கள். பயணிகள் விவரத்தை முதல் நாளே பட்டியலில் சேமித்து வையுங்கள். ஸ்டேஷன் குறியீடு தெரியாமல் திணறுவோர் பலர்: மேட்டுப்பாளையம் எம்டிபி (MTP), குன்னூர் ஓஎன்ஆர் (ONR), ஊட்டி யுஏஎம் (UAM).

ஏறும் வண்டி கிடைக்காவிட்டால் இறங்கும் வண்டியைப் பாருங்கள். மதியம் ஊட்டியில் கிளம்பி மாலையில் மேட்டுப்பாளையம் வருவது. குன்னூரிலிருந்து கீழே அதற்கும் ஆவிதான். ஊட்டிக்குப் பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்கலாம்.

என்ஜின் ஏன் பின்னாடி நின்னு தள்ளுது? முன்னாடி இழுக்க வேண்டியதுதானே?

பாதுகாப்புக்காக. அந்தச் சரிவு 12.5-க்கு 1 வரை போகிறது, அதாவது பன்னிரண்டரை மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். ஏதாவது கழன்றாலும் பெட்டிகள் கீழே உருளாமல் தாங்க என்ஜின் எப்போதும் பள்ளத்தின் பக்கம் நிற்கும். ஆகவே ஏறும்போது கடைசியில், இறங்கும்போது முதலில். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். என்ஜின் விசிலுக்கு ஏற்ப அவரவர் பிரேக்கைப் பிடிப்பார், விடுவார்.

கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைப் பட்டை தொடங்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள், எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடித்திருக்கும். என்ஜினுக்கு நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல் பட்டையில் ஏறியதும் அந்த இரண்டில் உழைத்து வந்த ஆவியே மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அந்த இடத்தில் வேகம் 13 கிலோமீட்டருக்கு இறங்கும், சத்தமும் மாறும். காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள், மாறுவது தெளிவாகக் கேட்கும்.

அப்போ எந்தப் பெட்டியில உக்காரணும்?

மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. சத்தமும் ஆவியும் வேண்டுமென்றால் என்ஜினை ஒட்டிய பெட்டி. எதிரே தடையில்லாமல் பாதை தெரிய வேண்டுமென்றால், ஏறும்போது மறுகோடிப் பெட்டி. வளைவில் முழு ரயிலும் என்ஜினோடு ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் அந்த மறுகோடிப் பெட்டிதான் நல்லது, திரும்பிப் பார்த்து எடுக்கலாம். 208 வளைவு இருக்கிறது, வலம் இடம் இரண்டு பக்கமும் வரும். ஜன்னல் கிடைக்கவில்லையே என்று சண்டை போட வேண்டியதில்லை.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. சம்பா அறுவடை முடிந்து நமக்கும் கை ஓயும், பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கூட்டமும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் டிக்கெட் கிடைப்பது கடினம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து ரயில் நிற்பது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் போனால், ரயில் ரத்தானாலும் ஊர் சுற்றிவிட்டு வரும்படி திட்டமிடுங்கள்.

குளிர்மாதத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அடுத்த கேள்வியில் வருகிறது.

மத்தவங்க போட்டோல பஞ்சு மாதிரி வெள்ளைப் புகை வருது, என் போட்டோல ஒண்ணுமே வரலையே?

ஆவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, வெளியே வந்து குளிர்ந்து துளியான தண்ணீர். இட்லிக் கொப்பரையை மார்கழி விடியலில் திறந்தால் எவ்வளவு பொங்குகிறது, சித்திரை மதியத்தில் திறந்தால் எவ்வளவு தெரிகிறது? அதே கணக்கு. காற்று குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்தால் ஆவி நிற்கும்; வெயில் ஏறினால் சிம்னியை விட்ட கையோடு மறைந்துவிடும்.

எப்போது வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புறப்படும்போது சிலிண்டருக்கு அடியில் உள்ள குழாய்களைத் திறந்துவிடுவார்கள். நின்ற நேரத்தில் உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறாவிட்டால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் சிலிண்டர் மூடியே உடையும். அந்தச் சில நொடிகளில் இரு பக்கமும் ஆவி சீறி சக்கரத்தை மூடும். புறப்பாட்டுக்கு முந்தைய நீண்ட விசில்தான் உங்களுக்கு அறிகுறி. அடுத்தது, தண்ணீர் பிடிக்க நிற்கும்போது அழுத்தம் மிஞ்சினால் மேலே சேஃப்டி வால்வு திறந்து ஆவி நேராக எழும்பும். மூன்றாவது, முழு பலத்தோடு ஏறும்போது சிம்னியில் துடிப்புத் துடிப்பாக வருவது. இறங்கும்போது என்ஜின் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறதே தவிர, தள்ளி உழைப்பதில்லை, ஆவி குறைவு. ஆகவே படத்துக்கு ஏறும் வண்டி, காட்சிக்கு இறங்கும் வண்டி.

பின்னணியும் முக்கியம். வெள்ளை ஆவிக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் இரண்டும் கலந்துவிடும். காடோ பாறையோ பின்னால் வரும்படி ஒதுங்கி நில்லுங்கள். வெயில் பக்கவாட்டிலோ எதிரிலோ இருந்தால் ஆவி ஒளிரும்.

கரும்புகை வேணும்னு ஃபயர்மேன்கிட்ட கேக்கலாமா?

வேண்டாம். கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். கரி கொதிகலன் குழாய்களில் படிந்து என்ஜின் பலம் குறையும், பெட்டியில் இருப்பவர்கள் துணியும் பாழ். புகை விடாமல் எரிப்பதுதான் நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனின் திறமை.

கேமராவுல என்ன செட்டிங் வைக்கணும்?

ரயில் மெதுவாகத்தான் போகிறது, ஆகவே ஷட்டர் வேகம் 1/2000 நொடி எல்லாம் தேவையில்லை. வெளியே நின்று எடுக்க 1/500, எஃப் 5.6 முதல் 8, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல் வரம்பு 1600. ஓடும் பெட்டியிலிருந்து எடுக்கிறீர்களென்றால் உங்கள் ஆட்டமும் சேரும், 1/1000 வையுங்கள். கம்பியிலோ ஜன்னல் சட்டத்திலோ கேமராவை ஊன்றாதீர்கள், அதிர்வு நேரே படத்தில் ஏறும்.

அதிகம் கெடுவது வெளிச்சக் கணக்கில். படச்சட்டம் முழுக்கக் கருத்த என்ஜின் நிறைந்தால் கேமரா இருட்டு என்று நினைத்துக் கூடுதல் வெளிச்சம் கொடுக்கும். ஆவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 0.7-இல் தொடங்குங்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுங்கள். நிழலில் புதைந்த இரும்பை வீட்டில் கணினியில் மீட்டுவிடலாம், வெளுத்துப்போன ஆவியை எதுவும் மீட்காது. பின்னணி இழுபட்டு வேகம் தெரிய வேண்டுமென்றால் 1/15 முதல் 1/30 வைத்து, சிம்னியைக் குறிபார்த்தபடி இடுப்பைத் திருப்புங்கள். பத்தில் ஒன்று தேறினால் போதும்.

போன் மட்டும்தான் இருக்கு, போதுமா?

போதும். திரையில் ஆவி மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டி, சற்றுக் கீழே இறக்குங்கள். டிஜிட்டல் ஜூம் தொடாதீர்கள். தொடர் படம் எடுக்கும் வசதியை மட்டும் முன்பே பழகுங்கள். கையில் மாட்டும் கயிறு இல்லாமல் ஜன்னலருகே போனை எடுக்கவே வேண்டாம். பள்ளத்தில் விழுந்தது விழுந்ததுதான்.

வீடியோவுக்கு ஒன்று: ஸ்டேஷன் விளக்கடியில் திரை துடிக்கிறதென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால்தான். ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வோர் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், பேசாமல் இருங்கள்.

ஏசி பெட்டியில இருந்து இறங்கினதும் லென்ஸ் மூடிக்குது, என்ன பண்றது?

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக் காற்று படிவதால் வருவது. துடைத்தால் மறுபடி படியும், உள்ளே படிந்தால் ஆபத்து. கேமராவை ஜிப் பையில் போட்டு மூடியபடியே இறங்கி, இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறவுங்கள். என்ஜின் அருகே படிவது வேறு: ஆவியோடு எண்ணெய்த் துளியும் வரும். லென்ஸில் ஒரு சாதா ஃபில்டர் மாட்டி, அதைத் துடையுங்கள்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

நிற்கும் என்ஜினின் சிலிண்டர் பக்கத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மேலே சொன்ன அந்தக் குழாய்கள் தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்குக் கீழே சீறும். மேலெழும்போது குழந்தைகளுக்கு அது முகத்துக்கு வரும். ஊழியர் போகச் சொன்னால் உடனே போய்விடுங்கள்.

பிளாட்பாரத்துல படம் எடுத்தா பிடிப்பாங்களா? தண்டவாளத்துல நின்னு எடுக்கலாமா?

டிக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நின்று சொந்த உபயோகத்துக்குக் கையில் பிடித்து எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. முக்காலி, விளக்கு, மாடல், திருமண ஜோடி என்று வந்தால் ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவம். அந்த இரண்டு இடத்திலும் கேமராவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படியில் தொங்குவதும் என்ஜினில் ஏறுவதும் 156-ஆவது பிரிவு. கல்லாறு பக்கம் யானைகள் கடக்கும் காடு வேறு. ட்ரோனைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்: காடு, ராணுவம், ரயில்வே மூன்றும் சேர்ந்த இடம், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கார்ல பின்னாடியே போய் எடுக்கலாமா?

எடுக்கலாம். ரயில் குன்னூர் போக மூன்று மணி நேரத்துக்கு மேலாகும், கார் முந்திவிடும். மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், கல்லாறு, குன்னூர் ஸ்டேஷன் அருகே ரயில்வே கேட், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி இறங்குவது உயிருக்கு ஆபத்து. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், ரயிலில் போவோருக்கு அது தேவையில்லை.

வயசான அம்மா, சின்னப் பிள்ளைங்க கூட வர்றாங்க. என்ன எடுத்துட்டுப் போகணும்?

பெட்டியில் கழிப்பறையை நம்பாதீர்கள். ஏறும் முன்பும் வண்டி நிற்கும் நிலையங்களிலும் போய்வர வேண்டும். எஃகு பாட்டிலில் தண்ணீர், ஏனென்றால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் குரங்கு வந்துவிடும். கண்ணில் கரித்தூள் விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், ஊட்டியில் நடுங்கும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது என்பதை மனதில் வைத்து ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள்.

பேப்பர்ல ஆவி என்ஜின் வண்டி விடறாங்கன்னு போட்டான், போய்ப் பார்த்தா கரண்ட்ல ஓடுது. இது என்ன கணக்கு?

இரண்டு விதம் உண்டு. ஒன்று உண்மையான பழைய என்ஜின். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த, கிழக்கிந்திய ரயில்வேயின் இஐஆர் 21, சென்னை பெரம்பூர் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு 2010-இல் மீண்டும் ஓடியது. சென்னை எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே விசேஷ நாட்களில் அதை ஓட்டியிருக்கிறார்கள். இன்னொன்று தோற்றத்தில் மட்டும் ஆவி என்ஜின், ஓடுவது மின்சாரத்தில். குஜராத்தில் அகமதாபாத்–ஏக்தா நகர் இடையே 2023-இல் தொடங்கிய பாரம்பரிய ரயில் அந்த வகை.

செய்திப் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். கூரையில் மின்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் இருக்கிறதா, சக்கரங்களை இணைக்கும் நீண்ட கம்பி பிஸ்டனோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி உண்மையாக இணையாவிட்டால், அல்லது புகை ஒரே சீராகத் துடிப்பில்லாமல் வந்தால், அது தோற்றம்தான். பிள்ளைகளை அதில் கூட்டிப்போகலாம், தப்பில்லை. தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தா ரயில்வேயில இருந்தாரு. கும்பகோணம் ஸ்டேஷன்ல எடுத்த பழைய என்ஜின் போட்டோ வீட்ல கெடக்குது. என்ன பண்ணலாம்?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைனின் மீட்டர் கேஜ் காலத்துப் படங்கள் அரசாங்கக் கோப்புகளைவிட வீட்டுப் பரண்களில்தான் அதிகம் இருக்கின்றன, ஒவ்வொரு மழைக்கும் சில போய்விடுகின்றன. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, அதைவிடச் சிறியதற்கு 1200, டிஃப் ஃபைலாக. பின்பக்கம் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். போனில்தான் முடியும் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள்.

என்ன என்ஜின் என்று ஒரு பக்கச் சக்கரங்களை எண்ணியே சொல்லலாம். முன்னால் இரண்டு சிறிது, நடுவில் மூன்று பெரிது, பின்னால் ஒன்று சிறிது என்றால் பயணிகள் வண்டி இழுத்த ஒய்பி. முன்னால் ஒன்று, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று என்றால் சரக்குக்கான ஒய்ஜி. ஒன்று, மூன்று, ஒன்று என்றால் கிளைப் பாதைகளுக்கான சிறிய ஒய்எல். கரியும் தண்ணீரும் சுமந்து என்ஜினோடு வரும் டெண்டரின் சக்கரங்களைச் சேர்க்காதீர்கள். கண்டுபிடித்ததை ஊர், ஏறக்குறைய ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்பதோடு மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் ஓரமாக எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் இந்த மாதமே படத்தோடு போய்ப் பாருங்கள், பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள்.